கூண்டில் ஒரு கீறல்கூட இல்லை

அந்த நாற்காலியில் சாய்ந்து உட்காராதீர்கள் மேடம். பின்கால் ஒன்று ஆடும். மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை எழுதியிருக்கிறேன், நகல் கோப்பில் இருக்கிறது. சன்னலோரம் இருப்பது நல்ல நாற்காலி, அதை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். மன்னிக்க வேண்டும், பதினொரு வருடப் பழக்கம்.

இந்த ஆலையின் பாதுகாப்பு அதிகாரி நான். நீங்கள் தொழிலாளர் துறையின் ஆய்வாளர். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் படிவம் நிரப்புகிறீர்கள், நானும் நிரப்புகிறேன். அதனால்தான் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

வாசலில் பலகையைப் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, 'விபத்தில்லாத நாட்கள்'. கீழே நான்கு கொக்கிகள், கொக்கிக்கு ஒரு எண் தகடு. தினமும் காலைச் சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி எண்ணை மாற்றுவேன். காவலாளி ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். பிடிக்க ஆள் இல்லாமல் நான் ஒருநாளும் ஏறியதில்லை. முதல் கொக்கி மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி எப்போதும் வெறுமையாகவே இருந்தது. ஆயிரம் வந்தால்தான் அதற்குத் தகடு. ஆயிரம் வந்தால் விருதுக் குழு வரும், கேடயம் தரும் என்று மேலாளர் அறிவித்திருந்தார்.

தொள்ளாயிரமாவது நாள் கூட்டத்தில் அவர் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "உங்கள் ஒவ்வொருவரின் ஒவ்வொரு விரலும் இந்த நிறுவனத்தின் சொத்து" என்றார். உரை நான் எழுதிக் கொடுத்தது. கைதட்டல் பலமாக இருந்தது. அப்போது எல்லோருக்கும் பத்து விரலும் இருந்தன.

ஆயிரம் நாள் சும்மா வந்துவிடாது மேடம். பாடுபட வேண்டும். பெட்டி கட்டும் பகுதியில் ஓர் அம்மாவுக்கு நகம் பெயர்ந்தது. நகம் விபத்தா? வாரம் தவறாமல் நாமே வெட்டி எறிகிற பொருள். பலகையில் கை வைக்கவில்லை. இன்னொரு நாள் சரக்கு ஏற்றுகிறவரின் காலில் பலகைக் கட்டு விழுந்தது. அவரைக் கைத்தாங்கலாக வாசலுக்கு வெளியே கொண்டுபோய் உட்கார வைத்து, அதன் பிறகு ஆம்புலன்சைக் கூப்பிட்டோம். அது சாலை விபத்து. சாலைக்கு நான் பொறுப்பில்லை.

இனிப் பெரியவர் கதைக்கு வருகிறேன். தகர டப்பாவுக்கு மூடி அடிக்கிற பெரிய பிரஸ்ஸைத்தான் இங்கே எல்லோரும் பெரியவர் என்பார்கள். நான்கு நொடிக்கு ஒரு தடவை தலையைக் குனிவார். யாருக்கும் மரியாதையாக அல்ல, அறுபது டன் எடையில் ஓர் அடி. அவரைச் சுற்றி இரும்பு வலைக் கூண்டு, கூண்டுக்கு ஒரு கதவு. கதவைத் திறந்தால் அந்த நொடியே பெரியவர் நின்றுவிடுவார். மூடினால்தான் மறுபடி ஓடுவார். இந்த ஆலையிலேயே எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

பழைய கூண்டு துருப்பிடித்திருந்தது. விருதுப் படிவத்தில் 'காவல் கூண்டு நல்ல நிலையில் உள்ளதா' என்று ஒரு வரி இருக்கிறது. ஆகவே தொள்ளாயிரத்து எண்பத்தோராவது நாள் புதுக் கூண்டு வந்தது. மஞ்சள் பெயின்ட், இரண்டு பூச்சு. அப்படி ஒரு மஞ்சளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மாட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கதவுப் பிடியில் ஐந்து எண்ணெய் விரல்கள். மதியத்துக்குள் ஒரு கீறல். இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. இப்படியே போனால் குழு வரும்போது கூண்டு என்ன நிலையில் இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பெயின்டரைக் கூப்பிட்டுக் கீறலை மறைத்தேன். மறுநாள் கூண்டைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி இந்த அறைக்குக் கொண்டுவந்தேன். அந்த அலமாரிக்குப் பின்னால்தான் இருந்தது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று என்னைப் பற்றி ஆலைக்குள் பேசிக்கொள்கிறார்களாம். நான் மேயவில்லை. வேலியைப் பிடுங்கிப் பத்திரமாக வைத்தேன்.

கதவு இல்லாமல் பெரியவர் ஓட மாட்டேன் என்றார். கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கிற சின்னக் கருவி ஒன்று பிரஸ்ஸின் இரும்புச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு காந்தம் அருகில் இருந்தால் மூடியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். என் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு பச்சைக் கிளி ஒட்டியிருந்தது, காந்தக் கிளி. அதைக் கொண்டுவந்து கருவியின் மேல் டேப் போட்டு ஒட்டினேன். பெரியவர் நம்பிவிட்டார். பெரியவர்களை நம்ப வைப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

பெரியவரிடம் நான்கு வருடமாக வேலை செய்கிறவன் என் மனைவியின் தம்பி. நான்தான் சேர்த்துவிட்டேன். கைவேலைக்காரன். மகளுக்குத் தினமும் காலையில் அவன்தான் சடை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புவான், அவன் மனைவிக்கு முதல் ஷிப்ட் என்பதால். அவன் பின்னிய சடை சாயங்காலம் வரை கலையாது.

கூண்டு போன அன்றே வந்துவிட்டான்.

"மாமா, கூண்ட எங்க கொண்டு போனீங்க?"

"பத்திரமா இருக்குடா. விழா அன்னைக்கு மாட்டிடலாம்."

"அது பத்திரமா இருக்கட்டும். நான் இருக்க வேணாமா?"

"அதான் அறிவிப்பு மாட்டியிருக்கேனே, 'கவனம்'னு. சிவப்பு எழுத்துல."

இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தான். அவனுக்கென்றே நான் எழுதிய 'கை உன் செல்வம்' என்ற துண்டறிக்கையைக் கொடுத்தேன். நான்கு பக்கம், படத்துடன்.

"படிச்சியாடா?"

"படிச்சேன் மாமா. நல்லா இருக்கு. பெரியவருக்கும் ஒண்ணு குடுங்க, அவர்தான் படிக்கணும்."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். மூன்றாவது தடவை வந்தபோது சிரிக்கவில்லை. "மாமா, கை தன்னால உள்ள போகுது. கதவத் தொறந்தா நிக்கும்னு பழகின கை. இப்ப கதவும் இல்ல, அவரும் நிக்கிறதில்ல. பயமா இருக்கு" என்றான். பயம் நல்லது, பயம்தான் பாதுகாப்பின் முதல் படி என்று சொல்லி அனுப்பினேன். அந்த வாசகம் துண்டறிக்கையில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழாவது நாள், பகல் பதினொன்றே கால். ஒரு தகடு கோணலாகச் சிக்கியது. கை பழக்கத்தில் போனது. வலது கை, மூன்று விரல்கள்.

அலறல் கேட்டதும் நான் ஓடினேன். எங்கே ஓடினீர்கள் என்று கேட்பீர்கள். இந்த அறைக்குத்தான், கூண்டை எடுக்க. மாட்டுவதற்கு நான்கு போல்ட், பதினொரு நிமிடம் ஆயிற்று. மேஸ்திரி பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "சார், வண்டி நிக்குது! முதலுதவிப் பெட்டி பூட்டியிருக்கு, சாவி குடுங்க சார்!" சாவி என் பையில்தான் இருந்தது. ஆனால் பெட்டி குழுவுக்காக அடுக்கி வைத்தது, ஒரு பஞ்சு குறைந்தாலும் பட்டியலோடு ஒத்துப்போகாது. மேஸ்திரி தன் சட்டையைக் கழற்றிக் கையைச் சுற்றினார். வாசலைத் திறக்க வேண்டாம் என்று காவலாளியிடம் சொல்லியிருந்தேன். வண்டி வெளியே போனால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். காரணத்தை நான் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

மைத்துனன் தரையில் உட்கார்ந்து நான் போல்ட் முடுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாட்டிட்டீங்களா மாமா" என்றான். அன்று அவன் பேசியது அவ்வளவுதான்.

நாலாவது போல்ட்டில் காரணம் கிடைத்தது. மின்விசிறி. அக்கா வீட்டு மின்விசிறியைத் துடைக்கும்போது பட்டுவிட்டது. ஆள்காட்டி விரலை மேஸ்திரி கைக்குட்டையில் மடித்து என்னிடம் தந்தார். அதில் பிரஸ் எண்ணெய் இருந்தது. வீட்டு மின்விசிறியில் அந்த எண்ணெய் ஏது? கைக்குட்டையை இந்த மேசையின் இழுப்பறையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

மருத்துவமனையில், "வெட்டுப்பட்ட விரல் எங்க? ஒண்ணாவது இருந்தா சேத்துப் பாக்கலாம்" என்றார் டாக்டர். வீட்டில் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலை என் மனைவி கேட்டாள்.

"எந்த ஃபேன்?"

"கூடத்து ஃபேன்."

அண்ணாந்து பார்த்தாள். "ரெண்டு வருஷத் தூசி அப்படியே இருக்கு. என் தம்பி எதத் தொடச்சான்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. உடனே துடைத்துவிடலாம் என்று ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். "கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஏறுங்க, விழுந்தா வாசலுக்கு வெளிய கொண்டுபோய்ப் போடறேன்" என்றாள். பிடிக்க ஆள் இல்லாமல் நான் ஏறுவதில்லை. தூசி அப்படியே இருந்துவிட்டது.

பிறகு, "ஃபிரிட்ஜுல இருந்த கிளி எங்க?" என்றாள். விழுந்து உடைந்திருக்கும் என்றேன்.

ஆயிரமாவது நாள் குழு வந்தது. கூண்டைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. தலைவர் என் கையைக் குலுக்கி, இந்தக் கைகள்தான் எத்தனை கைகளைக் காத்தன என்றார். கேடயம் மேலாளர் அறையில் இருக்கிறது. அதற்குக் கண்ணாடிப் பெட்டி போட்டிருக்கிறார்கள். சாவி மேலாளரிடம்.

இப்போது மைத்துனன் மகள் தினமும் காலையில் என் வீட்டுக்கு வருகிறாள். சடைக்கு மூன்று புரி வேண்டும், அவள் அப்பாவிடம் மூன்று விரல் குறைகிறது. என் மனைவி பின்னிவிடுகிறாள். சிறுமி நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்ப்பாள். ஒருநாள், "மாமா, அப்பாவோட விரல வீட்ல தேடிட்டீங்களா?" என்று கேட்டாள். என் மனைவி சீப்பைக் கீழே வைத்தாள். உங்கள் அலுவலகத்துக்குப் புகார் எழுதியது யார் என்று நான் விசாரிக்கவில்லை மேடம். அன்றைக்குத்தான் என் மனைவி தபால்தலை வாங்கப் போனாள்.

நேற்று நீங்கள் வந்து கூண்டுக் கதவைத் திறந்தீர்கள். பெரியவர் நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டும். பதினொரு நிமிட அவசரத்தில் கிளியை எடுக்க மறந்திருக்கிறேன். அந்த ஒரு கவனக்குறைவுக்கு நான் மனமார வருந்துகிறேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கூண்டைக் கழற்றியது நான். கிளியை ஒட்டியது நான். பெட்டியைத் திறக்காதது, வாசலை மூட வைத்தது, மின்விசிறிக் கதையைச் சொன்னது, விரலை இழுப்பறையில் வைத்தது, எல்லாம் நான். அவன் மூன்று முறை எச்சரித்தான். கை போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். 'தெரிந்தே' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், அது முக்கியம்.

ஏனென்றால் எதிர்பாராமல் நடப்பதற்குப் பெயர்தான் விபத்து. இது அப்படி நடந்ததல்ல. படிவத்தில் இதைக் குற்றம் என்று எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு வேறு பலகை.

ஒரே ஒரு உதவி. நேற்றிலிருந்து என்னை வாசல் பக்கம் விடவில்லை, எண் ஆயிரத்து நான்கிலேயே நிற்கிறது. போகும்போது ஐந்தாக்கிவிட்டுப் போங்கள். தகடு இதோ, துடைத்து வைத்திருக்கிறேன். ஸ்டூலில் ஏறும்போது காவலாளியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் மேடம். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.