ஒரே நிறத்தில் நாலு டைல்ஸ்

— ஐயையோ! என்ன சார் இது, கடைக்குள்ள கால் வெச்சதும் டமால்னு டைல்ஸைப் போட்டு உடைக்கிறீங்க?

— உங்களது இல்லண்ணே, என் வீட்டு பாத்ரூம் டைல்ஸ். ஏற்கெனவே உடைஞ்சதுதான், கை தவறிடுச்சு. இதே மாதிரி நாலு வேணும். அவசரம்.

— அட, நீங்களா! வீடு கட்டினப்போ மொத்தச் சரக்கும் நம்ம கடையிலதானே எடுத்தீங்க. எப்படி உடைஞ்சுது?

— வாளி விழுந்துடுச்சு. வீட்டுல சொல்லிடாதீங்க.

— ஒரு வாளி விழுந்து நாலு டைல்ஸா? வாளியா, புல்டோசரா?

— கிண்டல் பண்ற நேரமாண்ணே இது? அவ என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. சாயங்காலம் வந்துடுவா. அதுக்குள்ள ஒட்டி, துடைச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி ஆக்கணும்.

— பாருங்க சார், டைல்ஸும் ரொட்டி மாதிரிதான். மாவு ஒண்ணுதான், ஆனா ஒரு தடவை சூளையில கொஞ்சம் சிவக்கும், ஒரு தடவை வெளுக்கும். அதே பாட்ச் கிடைக்கலேன்னா ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி பல்லைக் காட்டும். கம்பெனிக்காரன் வேற மாசம் ஒரு டிசைன் இறக்குறான். உங்களது எந்தக் காலத்துச் சரக்கு!

— அப்ப கிடைக்காதா?

— மேல் பரண்ல மிச்சம் மீதி கிடக்கும். வாங்க, குடோன்ல பார்ப்போம். தலையைக் குனிஞ்சு வாங்க. ஆமா, இந்தத் துண்டுக்குப் பின்னாடி பசை ஒட்டியிருக்கே? உங்க வீட்டுல அப்ப சிமென்ட்லதானே பதிச்சோம்?

— எனக்கென்ன தெரியும், பசையோ சிமென்ட்டோ! அப்புறம்ணே, அப்ப நீங்க அனுப்பினீங்களே ஒரு கொத்தனார், அந்தாள் நம்பர் வேணும்.

— நாலு டைல்ஸ் ஒட்ட அவர் எதுக்கு? நம்ம பையனே வருவான்.

— ஒட்ட இல்லண்ணே. அந்தத் திருட்டுப் பயலை உள்ள தள்ள.

— சார்! வார்த்தையைப் பார்த்துப் பேசுங்க. தங்கமான மனுஷன் அவர்.

— தங்கம்தாண்ணே போச்சு! ஒரு டைல்ஸுக்கு அடியில மட்டும் குழியா விடச் சொன்னேன். அது அந்தாளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இன்னிக்குக் காலையில பேத்துப் பார்க்குறேன், குழி காலி. பக்கத்துல மூணையும் பேத்தேன், ஒண்ணுமில்ல.

— என்ன வெச்சிருந்தீங்க?

— எங்கம்மா வளையல்.

— அம்மா வளையல் அலமாரியில இருக்கும். பாத்ரூம் தரைக்கடியில என்ன வேலை அதுக்கு?

— தங்கச்சி பங்கு கேட்பான்னுதான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அம்மாவே வித்துட்டாங்கன்னு சொல்லிட்டேன். பொண்டாட்டிகிட்டயும் அதேதான். அவ ஒரு அரிச்சந்திரி. தெரிஞ்சா அன்னிக்கே நாத்தனாரைக் கூப்பிட்டுக் கையில குடுத்திருப்பா. ஊர் மறந்திருக்கும், இப்ப வித்து ஒரு இடம் வாங்கலாம்னு பார்த்தா...

— சரி சரி, ஏணியைப் பிடிங்க. ஆடாம பிடிங்க சார், எனக்கு ஒரே இடுப்புதான்.

— இருக்காண்ணே?

— பொறுங்க. தூசி கண்ணுல விழுது... இங்கதான் வெச்சேன். உங்க பாட்ச் சரியா நாலு இருந்துது. அட, தூசிக்கு நடுவுல சதுரமா இடம் மட்டும் இருக்கு.

— ஐயோ! யாரு எடுத்தது?

— போன வாரம்... அடக் கடவுளே.

— யாருண்ணே? அட்ரஸ் குடுங்க. என்ன விலை கேட்டாலும் குடுத்து வாங்கிக்கிறேன்.

— சொல்றேன். நான் இறங்கினப்புறம் சொல்றேன். ஏணியை மட்டும் விட்டுடாதீங்க சார்... ம், இறங்கிட்டேன். நீங்க யார் வீட்டுக்கும் போக வேணாம். அந்த நாலையும்தான் இன்னிக்கு நீங்க உடைச்சிருக்கீங்க.

— என்ன உளறுறீங்க?

— வாங்கிட்டுப் போனது உங்க வீட்டம்மா. அதுக்கு முந்தின நாள் வந்து, 'பாத்ரூம்ல ஒரு இடத்துல மட்டும் தட்டினா டொக்குனு சத்தம் வருதே, ஏன்?'னு கேட்டாங்க. 'அடியில காலியா இருக்கும், பேத்துப் பாருங்கம்மா'ன்னு நான்தான் சொன்னேன். அடுத்த நாளே அந்த நாலையும் எடுத்துக்கிட்டு, ஒட்டுறதுக்குப் பசை டப்பாவும் வாங்கிட்டுப் போனாங்க.

— தனியாவா வந்தா?

— கூட ஒருத்தங்க. 'அண்ணி, அண்ணி'ன்னு கையை விடாம பிடிச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தாங்க. டைல்ஸுக்கு யாராவது அழுவாங்களான்னு நினைச்சேன். கொத்தனார் மேல பழி விழலேன்னா நான் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

— நாலு டைல்ஸ் எதுக்குன்னு நீங்க கேட்கலையா?

— கேட்டேனே. 'வாளி விழுந்துடுச்சுண்ணே, எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க'ன்னாங்க.