இன்னொரு நகல்

உங்கள் ஸ்டேஷனில் தேநீருக்குப் புதினா போடுகிறார்கள், சாஹேப். நல்ல பழக்கம். எங்கள் மார்க்கெட் வாசல் கடைக்காரன் புதினாக் கட்டைக் கண்ணில் காட்டுவதோடு சரி, கெட்டிலுக்குள் போட மாட்டான்.

என்னிடம் நீங்கள் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் நானே சொல்கிறேன். ஆனால் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதைக் கேட்காமல்தான் எல்லாரும் கெட்டார்கள்.

சின்ன வியாபாரிகளின் கணினிகளில் இருப்பதை நகலெடுத்துப் பத்திரப்படுத்திக் கொடுப்பது என் வேலை. தீ வந்தாலும் தபதி ஆறு ஊருக்குள் வந்தாலும் மறுநாள் காலையில் கடையை எப்படித் திறப்பது என்று முன்கூட்டியே யோசித்துத் திட்டம் போட்டுக் கொடுப்பேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு நகல் எப்போதும் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும், அதை அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

இந்த வேலைக்கு நான் ஏன் வந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கப் போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். வெள்ளம் வந்த வருஷம் நெகட்டிவ் எல்லாம் சேற்றோடு சேறாகிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பெண் வந்து, செத்துப்போன தன் புருஷனின் கல்யாணப் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். அப்பா கையை விரித்தார். அதற்குப் பிறகு அவர் கேமராவைத் தொடவே இல்லை.

எங்கள் மார்க்கெட்டின் மூன்றாவது மாடி முழுக்க எம்பிராய்டரி டிசைன் கடைகள். புடவைக் கரைக்கு ஒரு பூவை வரைந்து, மெஷினுக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு தையலாகக் கணினியில் போட்டுக் கொடுப்பார்கள். அப்பன் காலத்து மயில் மகன் காலத்தில் மறுபடியும் ஃபேஷனாகும் என்பதால் யாரும் எதையும் அழிப்பதில்லை. நகலெடுத்தால் ஒரு மனிதனின் மொத்த ஆயுசும் உள்ளங்கை அகல டிஸ்க்கில் அடங்கிவிடும். அந்த டிஸ்க்கை அவர்கள் எங்கே வைப்பார்கள் தெரியுமா? சாமி மாடத்தில்.

உங்களுக்குத் தெரியாததா. தீபாவளியன்று கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை போடுவோம். இப்போது புத்தகம் எங்கே இருக்கிறது, எல்லாம் டிஸ்க்தான். ஆகவே டிஸ்க்குக்குக் குங்குமத்தில் ஸ்வஸ்திகா போட்டு, சிவப்புக் கயிறு கட்டி, மேலே பாக்கு வைத்து, பஞ்சாமிர்தம் தெளித்து, கணினிக்கு ஒரு கை தூரத்திலேயே மர மாடத்தில் ஏற்றிவிடுவார்கள். தீபாவளி கழிந்து ஐந்தாம் நாள், லாப பஞ்சமிக்குக் கடை திறக்கும் வரை யாரும் தொடக்கூடாது. தீ வந்தால் கணினியும் டிஸ்க்கும் ஜோடியாகப் போய்ச்சேரும்.

தன்சுக்பாயிடம் நான் மன்றாடினேன். தன்சுக்பாய் ரூமால்வாலாவைத்தான் சொல்கிறேன், எங்கள் மாடி வியாபாரிகளுக்குத் தலைவர். பூஜை முடிந்ததும் அதை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் பாய் என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நல்லா இருக்குடா நீ சொல்றது. லட்சுமிய யாராச்சும் வாசலத் தாண்டி வெளிய அனுப்புவானா? ஒங்க வீட்ல வேணா அனுப்பு."

"மாசத்துக்கு ஒரு தடவ கம்ப்யூட்டர்ல மாட்டி, ஓடுதான்னாவது பாருங்க பாய்."

"சாமிய டெஸ்ட் பண்ணச் சொல்றான்யா இவன்!"

மாடி முழுக்கச் சிரித்தது. அவர்களுடைய வாய்க்கு நான் அவலாகி எத்தனையோ வருஷமாகிவிட்டது. எனக்கு அங்கே வைத்த பெயர் ஏழரை. சனியின் ஏழரை. நான் படியேறி வந்தாலே, "ஷட்டர எறக்குங்கப்பா, ஏழரை வருது" என்பார்கள். புதுவருஷத்தன்று கைகொடுக்கப் போனால், "இவன் சால் முபாரக் சொல்ல வாயத் தொறந்தாலும் தீப்புடிக்கும்னுதான்டா வரும்" என்பார் தன்சுக்பாய். நானும் சிரித்து வைப்பேன்.

அவர் கெட்டவர் இல்லை, சாஹேப். அதுதான் கஷ்டம். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு வேளையும் அவர் வீட்டிலிருந்து கிச்சடி வந்தது. அவர் மனைவி ரஞ்சன்பேனே தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். முழுதாக வெறுக்கக்கூட அந்த மனுஷன் இடம் கொடுக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஒத்திகை ஏற்பாடு செய்தேன். தீப்பிடித்தால் எந்தப் படி வழியாக இறங்குவது, யார் எதை எடுத்து வருவது என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நடைவழியில் நின்று விசில் ஊதினேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. லோச்சோத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாய் நிறையச் சாப்பாட்டோடு தன்சுக்பாய் எட்டிப் பார்த்தார்.

"என்னடா, ஐஸ்க்ரீம் விக்கிறியா? பிஸ்தா இருந்தா ரெண்டு குடு."

விசிலைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு நான் கோபப்படவே இல்லை. சொன்னால் இவர்களுக்குப் புரியாது, நடந்தால்தான் புரியும் என்று மட்டும் தோன்றியது. ஆற அமர யோசித்துப் பாருங்கள், நியாயமான எண்ணம்தான்.

பண்டிகைக்கு முன் கணினிகளைத் துடைத்து, தூசி தட்டிக் கொடுப்பது என் வழக்கம். இந்தத் தடவை துடைக்கும்போதே ஒவ்வொரு கடையிலும் இருந்ததை அவர்களைக் கேட்காமல் நகலெடுத்துக்கொண்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் திறந்து சரிபார்த்தேன். அவர்களில் ஒருவர்கூடத் தன் ஆயுசில் செய்யாத காரியம் அது. எல்லாம் என் தோள்பையில் இருந்தது. மாடி எரிந்த பிறகு அழுதுகொண்டு நிற்பார்கள், நான் ஒவ்வொருவர் கையிலும் அவரவர் டிஸ்க்கைக் கொடுப்பேன். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

நாளையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். தீபாவளி கழிந்து வரும் பாய் பீஜ் மதியம். ஊரிலுள்ள ஆண்பிள்ளைகள் எல்லாம் அக்கா தங்கை வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம். மார்க்கெட்டில் ஈ காக்கை இருக்காது. காவலாளியைக்கூடப் பேசி அவன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். உதனா வரை போக வேண்டும் என்றான், என் பைக்கையே கொடுத்தேன். இனிப்புப் பெட்டியும் வாங்கிக் கொடுத்தேன். இவ்வளவு யோசித்தவனை உங்கள் ஆட்கள் கொலைகாரன் என்று கூப்பிடுகிறார்கள்.

மாடிச் சாவி என்னிடம் எப்போதும் உண்டு. நடைவழிக் கோடியில் வெட்டுத்துணி மூட்டைகள் கிடக்கும். அங்கேதான் தீ வைத்தேன். சின்னதாகப் புகையும், நானே தீயணைப்புக்குப் போன் செய்வேன் என்பது திட்டம். ஆனால் பாலியஸ்டர் சும்மா எரிவதில்லை, உருகி ஓடும், புகை தாரைப்போல் கறுப்பாக வரும். இது சூரத்தில் பிறந்தவன் யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கீழே வந்து வாசலைத் தாண்டியபோது, மூடிக்கிடந்த தேநீர்க் கடை பெஞ்சில் தன்சுக்பாய் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை, நெற்றியில் திலகம் இல்லை. பாய் பீஜ் அன்று திலகம் வைக்க வேண்டியவள் பார்டோலியில் இருந்த அவர் அக்கா. அவள் மழைக்காலத்தில் இறந்துவிட்டாள். துக்கம் கேட்க நானும் போயிருந்தேன், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது என் நினைவிலிருந்து நழுவிவிட்டது. திட்டம் போடுகிறவன் செய்யக்கூடாத தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

"எங்க போறதுன்னு தெரியலடா" என்றார் என்னைப் பார்த்ததும். "வீட்ல இருந்தா ரஞ்சன் என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்கா. அதான் இங்க வந்து உக்காந்துட்டேன்."

அப்போதுதான் மேலே கண்ணாடி வெடித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார், எழுந்தார், படியேறி ஓடினார். அவர் வயதுக்கு அப்படி ஓடுவார் என்று யாரும் நினைக்க முடியாது. என்னால் தடுக்க முடியவில்லை. முதல் நாள் உங்கள் ஏட்டிடம் நான் சொன்னது இதுதான். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

அவரைச் சாமி மாடத்துக்குக் கீழே கண்டெடுத்தார்கள். டிஸ்க் சட்டைக்குள் இருந்தது, சிவப்புக் கயிறு கருகாமல்.

அந்த டிஸ்க்கில் ஒன்றும் இல்லை, சாஹேப். தீயினால் அல்ல. பல தீபாவளிகளுக்கு முன்பே அது செத்துவிட்டது. பஞ்சாமிர்தம் உள்ளே இறங்கி, குங்குமம் அடைத்துக்கொண்டு, வெறும் டப்பாவாகிவிட்டது. ஒரு லாப பஞ்சமிக்குப் பிறகு தற்செயலாக மாட்டிப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. துடைத்து மாடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். ஓடுகிறதா என்று அவர் என்றைக்குக் கேட்கிறாரோ அன்றைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. கேட்காதவனிடம் வலியப் போய்ச் சொல்லி இன்னொரு தடவை நான் ஏன் சிரிப்புக்கு ஆளாக வேண்டும்?

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். பைக்குள்ளிருந்து அவருடைய நகலை எடுத்து ரஞ்சன்பேன் கையில் கொடுத்தேன். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், என்னவென்று புரியவில்லை. மகள் ஹேதல் வாங்கிக் கணினியில் மாட்டினாள். தீபாவளிக்கு முந்தின நாள் அவர் பாதி வரைந்து நிறுத்திய மயில்வரை எல்லாம் இருந்தது. ரஞ்சன்பேன் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எத்தனையோ வருஷமாக நான் காத்திருந்த காட்சி அது. அப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஹேதல் அழவில்லை.

"உன்மேஷ் காகா, இது எப்பலேர்ந்து ஒங்க பையில இருந்துச்சு?"

"பண்டிகைக்கு முன்னாடிலேர்ந்தும்மா."

"அன்னிக்கு மத்தியானம்?"

"பையிலதாம்மா இருந்துச்சு."

"எங்கப்பா ஒங்களப் பாத்தாரா?"

பார்த்தார் என்றேன். அவள் கணினியை மூடிவிட்டுப் போனை எடுத்தாள். அடுத்தது உங்கள் ஜீப்தான் வந்தது. வரும்வரை ரஞ்சன்பேன் எனக்குத் தண்ணீர் கொடுத்தார், என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

ஏட்டிடம் சொன்னதில் ஒன்றைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். தன்சுக்பாய் நேராக மேலே ஓடவில்லை. முதலில் என்னிடம்தான் வந்தார். படிக்கட்டு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். சட்டையை அல்ல, பையின் வாரை.

"உன்மேஷ், வேற எங்கயாச்சும் பேக்கப் வச்சிருக்கியாடா? இருக்குன்னு சொல்லுடா. ஒன்னாச்சும் இருக்குன்னு சொல்லு."

அவர் குரலில் கிண்டல் துளிகூட இல்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் தொழிலைப் பற்றி என்னிடம் கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். அவர் விரல்கள் அந்தப் பையின் மேலேயே இருந்தன.

"இல்ல பாய்" என்றேன். "நான் அப்பவே சொன்னேன்ல."

கொஞ்சம் தவிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன் என்று உங்களிடம் சொல்லலாம். வழியெல்லாம் ஜீப்பில் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அவர் படியேறும் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல் மாடி திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றார், அதுவும் கேட்டது. கூப்பிட்டிருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும். இறங்கி வந்து, பையைப் பார்த்து, எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, கடைசியில் அந்த மனுஷன் சிரித்துத் தொலைத்திருப்பார். நான் கூப்பிடவில்லை. செருப்புச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது, பிறகு நின்றுவிட்டது.

கொன்றேன் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். தன்சுக்பாயின் டிசைன்களில் ஒன்றுகூடக் குறையவில்லை, ஹேதலைக் கேட்டால் அவளே சொல்வாள். என் பொறுப்பில் இருந்த எதுவும் இன்றுவரை தொலைந்ததில்லை, சாஹேப்.