கல்லீரலில் நெருப்பு

— பதினேழாம் நம்பர் யாரு, உள்ள வாங்க... நீயா? வீட்டுல கேட்கக்கூடாதா, ருய்ஃபென்?

— வீட்டுல கேட்டா உங்க கல்லீரல்ல நெருப்பு ஏறிடுமே. அதான் டோக்கன் போட்டு வந்திருக்கேன், வைத்தியரே. நாடியைப் பிடிங்க.

— வெளிய ஜனங்க காத்திருக்காங்க.

— நானும் ஒரு மணி நேரம் காத்திருந்தவதான். கதவு திறந்தே இருக்கட்டும், அவங்களும் கேட்கட்டும்.

— ம்... கையைக் கொடு. நாக்கை நீட்டு. சாஸ்திரப்படி பார்த்தா, நாடி வில்லு நாண் கணக்கா விறைச்சிருக்கு. கல்லீரல்ல சக்தி ஓட்டம் அடைச்சு நிக்குது.

— எதனால அடைக்கும்?

— கோபத்தை வெளிய விடாம முழுங்கினா அடைக்கும்.

— யாரு முழுங்க வச்சாங்கன்னு நாடி சொல்லாதாக்கும்?

— அதெல்லாம் சாஸ்திரத்துல இல்ல.

— அப்ப நான் சொல்றேன். மூணு மாசம் முன்னாடி உங்க நாடியை நீங்களே பிடிச்சுப் பார்த்து, நெருப்புன்னு கண்டுபிடிச்சீங்க. அன்னிலேருந்து உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை செவ்வந்தி டீ. காரத்துக்குப் பேர்போன செங்டுவுல பொறந்துட்டு மிளகாயில்லாத சாப்பாடு! நம்ம பொண்ணு யுன்ஷு, பிரசவத்துக்கு லான்சோவுக்கு வாம்மான்னு கூப்பிட்ட மறுநாள் பத்திக்கிட்ட நெருப்பு அது.

— லான்சோ காத்து வறண்ட காத்து. உன் நுரையீரல் தாங்காது.

— போன மாசம் மண்ணீரல் தாங்காதுன்னீங்க. எனக்குள்ள இன்னும் எந்த உறுப்பு பாக்கி? பிள்ளை பெத்து நாலு நாளாச்சு. இஞ்சி போட்டுக் கோழி வச்சுக் கொடுக்க ஆளில்லாம அவ அங்க அழுதுக்கிட்டிருக்கா.

— பெத்தவ அழக்கூடாது. கண்ணுக்கு ஆகாது.

— இங்கேருந்து சொன்னா நின்னுடுமா? சரி, இப்படி அடைச்சுக்கிட்டு வர்ற மத்த பொம்பளைங்களுக்கு என்ன எழுதுவீங்க? பார்த்துச் சொல்லுங்க, வெளிய அவங்கதான் உட்கார்ந்திருக்காங்க.

— கஷாயம். அப்புறம்... கோபமூட்டுற இடத்தை விட்டு முப்பது நாள் தள்ளி இருக்கணும்.

— எழுதுங்க. முத்திரையும் குத்துங்க. ரயில் ரெண்டு மணிக்கு.

— டிக்கெட்டே எடுத்துட்டியா!

— கத்தாதீங்க, நெருப்பு.

— ருய்ஃபென், அந்தக் கதவைச் சாத்து. பேரனைப் பார்த்தா நீ அங்கேயே தங்கிடுவே. முப்பது அறுபதாகும், அப்புறம் வரவே மாட்டே. எனக்குப் பயமா இருக்கு.

— பயமா? பயம் தாக்குறது சிறுநீரகத்தைன்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவரே, மூணு மாசமா தப்பான உறுப்புக்கா என்னை டீ போட வச்சீங்க?