ஒப்புக்கொடுத்த பேர்

கச்சிமுகம்மது: ...தேத்தண்ணி வேணாம் உபதேசியார். கேட்டதுக்கு மறுமொழி செல்லுங்க. உங்கட வேதக்கோயில்ல என்ட பேர் என்னத்துக்கு?

தம்பிமுத்து: பிரசைகள் குழுத் தலைவர்ர பேரச் சொல்லாம வேற ஆர்ர பேரச் சொல்ற ஹாஜியார்? தலைவர்மாருக்காக ஜெபிக்கச் சொல்லி எங்கட வேதத்திலயே இரிக்கு. சனாதிபதி தொடங்கி ஊர் விதானையார் வரைக்கும் சொல்லுவன்.

கச்சிமுகம்மது: விதானையார்ர கதைய உடுங்க. அவருக்கு ஒண்டும் நடக்காது.

தம்பிமுத்து: உங்களுக்கு என்ன நடந்த?

கச்சிமுகம்மது: நடக்கிறத்துக்கு முன்னுக்குத்தான் கேக்க வந்த. போன ஞாயித்துக்கிழமை இஸ்பீக்கர்ல சொன்னீங்களே... அதச் சொன்ன மாதிரியே செல்லுங்க.

தம்பிமுத்து: 'அடுத்த வாரம் திங்கட்கிழமை இராணுவ முகாமுக்குப் போய், பிடிபட்ட எங்கள் பிள்ளைகளுக்காகப் பேச இருக்கும் கச்சிமுகம்மது அவர்களை உமக்கு ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே...'

கச்சிமுகம்மது: அதான். ஒப்புக்கொடுக்கிற. ஆரிட்ட?

தம்பிமுத்து: ஆண்டவரிட்ட.

கச்சிமுகம்மது: ஆண்டவரிட்டயா, காட்டுக்குள்ள துவக்கோட இரிக்கிறவனுகளிட்டயா?

தம்பிமுத்து: என்ன கதை ஹாஜியார் இது...

கச்சிமுகம்மது: இந்தக் காலத்தில ஒரு ஆள ஒப்புக்கொடுக்கிறெண்டா என்ன? உங்கட மருமகன் குணத்த ஆரோ ஆமிட்ட ஒப்புக்கொடுத்தான். இப்ப அவன் கேம்புக்குள்ள. என்ட பொஞ்சாதி சுபைறா உங்கட ஜெபத்தக் கேட்டதிலரிந்து சோறு தின்னுறல்ல. இறக்காமம் ஊரில தன்ட தம்பிர வளவுக்குப் போயிருவம் எண்டு ஒரே அழுகை... சிரிக்காதீங்க.

தம்பிமுத்து: சிரிக்கல்ல. அது எங்கட வேதத்துப் பேச்சு ஹாஜியார். பயணம் போறவனுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?

கச்சிமுகம்மது: அல்லாட காவல்ல உடுறன் எண்டு.

தம்பிமுத்து: அதேதான். அமானிதம் எண்டு வையுங்க. பத்திரமா வெச்சித் திருப்பித் தா எண்டு குடுக்கிற.

கச்சிமுகம்மது: அமானிதம்... சரி. அப்ப இண்டைக்கு ஏன் வெக்கல்ல?

தம்பிமுத்து: எதை?

கச்சிமுகம்மது: நாளைக்கு நான் போற. இண்டைக்குக் காலத்தால ஜெபத்தில என்ட பேர் வரல்ல. விதானையார் வந்தாரு. நான் வரல்ல.

தம்பிமுத்து: இண்டைக்குக் கரண்ட் இல்ல. இஸ்பீக்கர் வேலை செய்யல்ல. றோட்டில நிண்ட ஒருத்தருக்கும் கேட்டிரிக்காது. உங்களுக்கு ஆர் சொன்ன?

கச்சிமுகம்மது: ஆரோ.

தம்பிமுத்து: ஆரோ எண்டா?

கச்சிமுகம்மது: நான்தான். பின் யன்னலடியில நிண்டன். தொப்பியக் கழட்டிப் பொக்கட்டுக்க வெச்சிட்டு... போதுமா?

தம்பிமுத்து: நீங்களா...

கச்சிமுகம்மது: என்ன ஒப்புக்கொடுக்கிறீங்களா எண்டு பாக்கத்தான் வந்த. பேர் வராதது அதவிடப் பயமாப் போயிட்டு. இப்ப செல்லுங்க. ஏன் உட்ட?

தம்பிமுத்து: மறந்திட்டன்.

கச்சிமுகம்மது: உங்கட மகள்ர புருசன எடுக்கப் போறவன்ட பேர் மறந்து போச்சா?

தம்பிமுத்து: பொறுங்க, கதவச் சாத்திட்டு வாறன்.

கச்சிமுகம்மது: உபதேசியார்.

தம்பிமுத்து: போன ஞாயிறு கடைசி வாங்குப் பலகையில ரெண்டு பேர் இரிந்தாங்க. இந்த ஊர் முகம் இல்ல. ஆராதனை முடியக் கிட்ட வந்து கேட்டாங்க. 'ஹாஜியார் எத்தின மணிக்கு வெளிக்கிடுவார்? காரைதீவுச் சந்தியால போவாரா, கிட்டங்கிப் பாதையாலயா?'

கச்சிமுகம்மது: நான் ஆமிக்கு ஆள் காட்டப் போறன் எண்டு நினைச்சிட்டானுகளா?

தம்பிமுத்து: அப்படித்தான் கதைச்சாங்க. நான் ஒண்டும் தெரியா எண்டுட்டன். பிறகும் வந்து கேட்டுட்டு நிப்பாங்களோ எண்டுதான் இண்டைக்குப் பேர உட்ட.

கச்சிமுகம்மது: அது போன ஞாயிறு. இதுக்குள்ள சந்தையில என்னக் காணல்லயா நீங்க?

தம்பிமுத்து: கண்டன்.

கச்சிமுகம்மது: மீன் விலை கதைச்சீங்க. சுபைறாவ சுகம் விசாரிச்சீங்க. இத மட்டும் செல்லல்ல.

தம்பிமுத்து: வாய் வரைக்கும் வந்த ஹாஜியார்...

கச்சிமுகம்மது: மறுகா... பிறகென்ன?

தம்பிமுத்து: சொன்னா நீங்க போகமாட்டீங்க. நீங்க போகாட்டி குணம் வரமாட்டான். வீட்டுக்குப் போனா மகள்ர முகத்தப் பாக்க ஏலாது... அதான் வாய மூடிட்டு இரிந்தன். போகாதீங்க ஹாஜியார். என்ன மன்னிச்சிட்டு, நாளைக்குப் போகாதீங்க.

கச்சிமுகம்மது: அப்ப சுபைறா பயந்தது சரி. ஒப்புக்கொடுத்துத்தான் இரிக்கீங்க... குணத்துக்காகக் கதைக்கிற எண்டு நான் உங்கட மகளுக்கு வாக்குக் குடுத்தவன், போகத்தான் வேணும். விடியச் சுபஹு தொழுதுட்டு ஜீப்ப உங்கட வாசலுக்குக் கொண்டாறன். வேதப் புத்தகத்த ஆக்களுக்குத் தெரியிற மாதிரி மடியில வெச்சிட்டு, முன் சீட்டில என்னோட ஏறுங்க. இனி ஒப்புக்கொடுக்கிறெண்டா ரெண்டு பேரையும் சேத்து ஒப்புக்கொடுங்க உபதேசியார்.