முதல் வெந்நீர்

— பாப்பா, குளிச்சாச்சா? மெதுவா வா, அவசரம் ஒண்ணும் இல்ல. ஒன்பது மணிக்கு நான் டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காரணும், அவ்வளவுதான்.

— இதோ, தலை துவட்டிக்கிட்டு இருக்கேன் அண்ணி. இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க. நாளையிலேர்ந்து நீங்களே முதல்ல குளிக்கலாம்.

— ஏன், நாளைக்கு என்ன?

— ஹாஸ்டல்ல ரூம் பாத்துட்டேன். சாயங்காலம் கிளம்பறேன்.

— என்னடி இது, பாத்ரூம் கதவுக்குப் பின்னால நின்னு சொல்ற விஷயமா? யார் என்ன சொன்னா? அத்தையா? உங்க அண்ணனா?

— யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அதான் அண்ணி.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— அந்தாளோட வாழ முடியாதுன்னு நான் இங்க வந்து அஞ்சு மாசம் ஆச்சு. இன்னும் புதுத் துண்டு எனக்குத்தான், முதல் வெந்நீர் எனக்குத்தான். நான் ஹாலுக்கு வந்தா அம்மா டிவி சத்தத்தைக் குறைக்கிறாங்க. நீங்களும் அண்ணனும் முன்னெல்லாம் எப்படி சண்டை போடுவீங்க! இப்ப ஒரு முணுமுணுப்புகூட இல்ல. எத்தனை நாளைக்கு அண்ணி விருந்தாளியா இருக்கறது?

— சண்டை போடாம எங்க இருக்கோம்? உன் காதுல விழக்கூடாதுன்னு மொட்டை மாடிக்குப் போறோம். போன வாரம் மழையில குடை பிடிச்சுக்கிட்டுப் போட்டோம்.

— குடை பிடிச்சுக்கிட்டா?

— ஒரே குடைதான். கோச்சுக்கிட்டுத் தள்ளி நிக்கக்கூட முடியல. சிரிக்காத! நொந்துபோய் வந்திருக்கா, அவகிட்ட யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இந்த வீட்ல சட்டம் போட்டதே நான்தான், சொல்லிட்டேன்.

— அந்தச் சட்டத்துலதான் எனக்கு மூச்சு முட்டுது.

— ஓ, முட்டுதா? அப்ப கேட்டுக்கோ. அஞ்சு மாசமா நான் பச்சைத் தண்ணியில குளிக்கிறேன். கீசர்ல இருக்கறது உன் தலைமுடிக்கே சரியாப் போகுது. ஈரத் துண்டை மெத்தை மேல போடற. ஃபேனை நிறுத்தறதே கிடையாது. பாலைக் குடிச்சுட்டுக் காலிப் பாத்திரத்தை அப்படியே அடுப்புல வைக்கற. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், சொல்லிட்டேன்! பாப்பா? அழறியா? ஐயோ, இந்த வாயில சூடு வைக்கணும். தப்பா எடுத்துக்காதடி.

— அந்தப் பால் பாத்திரம் நான் வச்சது இல்ல.

— பின்னே யாரு, பூனையா?

— உங்க வீட்டுக்காரர்! போய் அவரைக் கேளுங்க. என்னைச் சொல்ல வந்துட்டீங்களே, உங்க முடி அடைச்சுத் தண்ணி போகாம நிக்குதே, வாரா வாரம் கையை விட்டு எடுக்கறது யாரு? நான்! ஹாஸ்டலும் போகல, ஒண்ணும் போகல. நாளைக்கும் நான்தான் முதல்ல குளிப்பேன், முடிஞ்சா முந்திக்குங்க!

— ஏங்க! அத்தை! ரெண்டு பேரும் ஓடி வாங்க! அஞ்சு மாசம் கழிச்சு நம்ம பாப்பா வீட்டுக்கு வந்துட்டா!