காந்தம் எந்தப் பக்கம்?

என் தம்பிக்கு மேஜை துடைக்கிற பழக்கமே கிடையாது, ஐயா. டீ குடித்த டம்ளர் வைத்தது வைத்தபடி இருக்கும். ஆய்வகத்திலும் நான்தான் துடைப்பேன், வீட்டிலும் நான்தான். அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியது நான். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

எங்கள் வேலை ஒரு சின்னக் கல்லோடு. உறைகுளிர்ப் பெட்டிக்குள், காந்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். ஒளி ஒரு பக்கமிருந்து வந்தால் விட்டுவிடும். மறுபக்கமிருந்து வந்தால் விழுங்கிவிடும். காந்தத்தைத் திருப்பினால் எல்லாம் தலைகீழ். திருப்பும் ஸ்விட்ச் என் மேஜையில்.

எங்கள் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அணைத்தால் மறுபடி நிலைக்கு வர அரை நாள் ஆகும். அதனால் அதை அணைக்காமலே, கல் ஒளியை விழுங்குகிற மாதிரி காந்தத்தை வைத்துவிட்டு, தம்பி பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியின் ஜன்னலில் கண்ணை வைப்பான், கல்லில் விரிசல் உண்டா என்று பார்க்க. முதலில், அந்த ஒளி பட்டால் மினுங்கும் சோதனை அட்டையைப் பிடித்து ஒளி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. அக்காவும் தம்பியும் வேலை செய்யும் இடத்தில் அட்டை எதற்கு? அவன் கேட்பான், நான் சொல்வேன்.

அன்று காலையில்தான் சொன்னான். "அக்கா, வேற ஊர்ல வேலை கிடைச்சிருச்சு. அடுத்த மாசம் கிளம்புறேன்."

"அப்போ நான்?"

"நீயும் இனிமே உன் வாழ்க்கையைப் பாரேன்க்கா" என்று சிரித்தான். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி.

மதியம் ஜன்னலருகே குனிந்தான். "அக்கா, காந்தம் எந்தப் பக்கம்?"

"வழக்கமான பக்கம்தான்டா, பாரு."

ஸ்விட்சைத் தொட்டது யார் என்று கேட்டீர்களே, நான்தான். திருப்பிவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். அந்த ஒளி கண்ணை எரித்தாலும் வலிக்காது, ஐயா. அவனுக்கு வலிக்கிற எதையும் நான் செய்ததில்லை.

வலது கண்ணால் பார்த்தான். "என்னவோ மங்கலா இருக்குக்கா" என்றான்.

"இன்னொரு கண்ணால பாரு" என்றேன்.

இப்போது வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான். வாசல்வரை போவதென்றாலும் என் கையைப் பிடித்துக்கொள்கிறான். வேற்றூர்ப் பேச்சே இல்லை. கேட்க வேண்டியதைச் சீக்கிரம் கேட்டுவிடுங்கள். நான் போய்த்தான் அவனுக்குச் சாப்பாடு போட வேண்டும்.

அட்டையைப் பிடித்துப் பார்த்திருந்தால் அவனுக்கு இந்தக் கதி வந்திருக்காது. தப்பு அவன் மேல்தான். ஆனால் ஒருநாள்கூட அதை நான் அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை, ஐயா. பெற்ற தாய்கூட இவ்வளவு பொறுத்திருக்க மாட்டாள்.