டாப் மாடல் வாங்கிய கோவிந்தராசு

பிக்கப் வண்டி வாங்க வருகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, விற்கப்போகிற நாளை மனதில் வைத்து வாங்குங்கள் என்பதுதான். வாங்குகிற அன்று எல்லோருக்கும் கண் மினுங்கும். விற்கிற அன்றுதான் வண்டி என்னவென்று தெரியும்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும், சார். அதற்குத்தான் வருகிறேன். இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் புரியாது.

நீடாமங்கலத்தில் பழைய பிக்கப் வண்டிகளை வாங்கி விற்கிற யார்டு வைத்திருக்கிறேன். ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின், ஒரே வருஷமாக இருக்கும். ஆனாலும் பேஸ் மாடல் வேறு, டாப் மாடல் வேறு. பேஸ் மாடலில் ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. ரெக்சின் சீட்டு, கறுப்பு இரும்பு பம்பர். டாப் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணத்தில் பாதிகூட விற்கும்போது திரும்பி வராது. இருந்தாலும் நல்ல கையிலிருந்து வந்த டாப் மாடல் என் யார்டில் ஒரு வாரம் தங்காது.

சிலர் பேஸ் மாடலை வாங்கி, வெளியே கொடுத்து ஏசி மாட்டி, அலாய் வீல் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருவார்கள். சல்லிக்காசு கூட்டித் தர மாட்டேன். கம்பெனியை விட்டு எப்படி வெளியே வந்ததோ, அதுதான் அது.

நல்ல கை என்றேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பாவுக்கு வெண்ணாற்றுப் பாசனத்தில் ஆறு வேலி, அதாவது நாற்பது ஏக்கர் நிலம். பண்ணையில் கண்ணுசாமி என்று ஒரு ஆள் வேலை பார்த்தான். ஒரு அறுவடையின்போது கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டான். அப்பா அவனைக் களத்துப் புளியமரத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார். நான் சின்னப் பிள்ளை, கூட நின்று பார்த்தேன். அன்று சாயங்காலம் அப்பாவுக்குத் தோள் வலி. அம்மா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். அந்தக் காலத்து வழக்கம் அது. நான் நியாயம் பேசவில்லை.

பிறகு ஆட்சி மாறியது. உச்சவரம்புச் சட்டம் வந்து நிலத்தில் பாதி போனது. போனதில் ஒன்றரை ஏக்கர் அதே கண்ணுசாமிக்குப் பட்டா ஆனது. அவன் மகன்தான் கோவிந்தராசு.

மிச்ச நிலத்தை நான் கொஞ்சம் கொஞ்சமாக விற்று யார்டு வைத்தேன். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில்கூட கோவிந்தராசு விற்கவில்லை. உளுந்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் பைபாஸ் ரோடு அவன் வயலின் ஓரத்தை எடுத்துக்கொண்டது, நஷ்டஈடு வந்தது. அந்தப் பணத்தோடு பெண்டாட்டி அம்சத்தையும் கூட்டிக்கொண்டு என் யார்டுக்கு வந்தான்.

நான் ஒரு பேஸ் மாடலைக் காட்டினேன். "வைக்கோல் கட்டு ஏத்த, மூட்டை ஏத்த இது போதும்டா உனக்கு."

"அந்த வெள்ளை வண்டி என்னா சார்?" என்றாள் அம்சம்.

"அது டாப் மாடல்."

"அதப் பாக்கலாம்னுதான் சார் வந்தோம்," என்றான் கோவிந்தராசு. "எனக்கு முதுகு போயிடுச்சு. பவர் ஸ்டீயரிங் இருந்தா தேவலாம். இவளும் இத்தன காலம் மூட்டையோட மூட்டையா பின்னாடியே உக்காந்து வந்துட்டா."

அம்சம் ஏறி உட்கார்ந்து ஏசியைப் போடச் சொன்னாள். காற்று வந்ததும் முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள். நான் விலையைக் கூட்டிச் சொன்னேன். அவன் பேரம் பேசவில்லை. நான் வியாபாரி. விற்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் என் யார்டைத் தாண்டித்தான் போவான். கண்ணாடியை ஏற்றிவிட்டிருப்பான். என்னைப் பார்த்தால் ஹாரன் அடித்துக் கையை ஆட்டுவான். எனக்கு அந்த வண்டியின் மதிப்பு கண்முன்னால் இறங்குவதாகத் தோன்றியது. அவன் உட்கார்ந்த சீட்டில் எங்கள் பக்கத்து ஆட்கள் யார் உட்காருவார்கள்? இதெல்லாம் ஆர்சி புத்தகத்தில் இருக்காது, விலையில் இருக்கும். நான் பார்ப்பதில்லை சார். வாங்குகிறவர்கள் பார்ப்பார்கள்.

தை அறுப்பு முடிந்ததும் அவனுடைய வைக்கோல் போர் எரிந்தது. கரண்டுக் கம்பி உரசியது என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். கம்பி இல்லை, நான்தான். பக்கத்தில் ஒரு சினைப் பசு கட்டியிருந்தது. அதை அவிழ்த்துவிட எனக்குத் தோன்றவில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் தீ வைத்தேன். வண்டிமேல் பொறி விழுந்திருந்தால் பெயிண்ட் போயிருக்கும்.

இரண்டு வருஷம் ஓட்டிய பிறகு, பெரிய வண்டி எடுக்கப்போவதாகச் சொல்லி அதை விற்க என்னிடமே வந்தான். நான் பேஸ் மாடலுக்கு உண்டான விலையைச் சொன்னேன்.

அவன் சிரித்தான். "டாப் மாடல் சார் இது. நீங்கதான வித்தீங்க."

"உன் கைக்கு வந்த அப்புறம் அது பேஸ் மாடல்தான்" என்றேன்.

கோவிந்தராசு வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான். அம்சம்தான் கேட்டாள். "வண்டிக்குமா சார்?"

"வா, வேற எடத்துல கேப்போம்," என்று அவன் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

போகட்டும், எங்கே போனாலும் இதே விலைதான் என்று நினைத்தேன். பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த வண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றது. குத்தாலத்திலிருந்து என் மைத்துனன் துரைக்கண்ணு ஓட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"நல்லா வச்சிருந்திருக்காரு மாமா அந்த மனுசன். ஒரு கீறல் இல்ல. கேட்ட விலையக் குடுத்துட்டேன்," என்றான்.

சீட்டு உறையைக்கூட அவன் மாற்றவில்லை. என் மனைவி பூவம்மாள் தம்பி வண்டி வாங்கிய சந்தோஷத்தில் ஏறி உட்கார்ந்து, ஏசியைப் போடச் சொன்னாள். காற்று வந்ததும் முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள்.

இத்தனை வருஷத் தொழிலில் ஒரு வண்டியின் விலையில் நான் ஏமாந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் யார்டிலிருந்து ஒரு பேஸ் மாடலை எடுத்துக்கொண்டு கோவிந்தராசு வயலுக்குப் போனேன். வாய்க்கால் கரையில் வண்டி போகும், திருப்ப முடியாது. மதகு வரைக்கும் பின்னாலேயே எடுத்துப் போய் அங்கேதான் திருப்ப வேண்டும். அம்சம் நடு வயலில் உளுந்துச் செடி பறித்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திணறுவதைப் பார்த்து கோவிந்தராசு, நான் கூப்பிடாமலே, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கரைக்கு ஏறி வந்தான்.

"இருங்க சார், நான் பாத்துச் சொல்றேன்," என்று வண்டிக்குப் பின்னால் போய் நின்றான்.

"வாங்க. வாங்க. கொஞ்சம் லெப்ட்ல ஒடிங்க. வரலாம், வரலாம்."

அவனுக்குப் பின்னால் மதகுச் சுவர்.

"போதும் சார்," என்றான். பிறகு, "போதும், போதும்," என்றான். ஏசி இல்லாத வண்டி, கண்ணாடி இறக்கியிருந்தது. எல்லாம் நன்றாகவே கேட்டது. வண்டி லேசாக ஒரு குலுக்குக் குலுக்கியது. அவன் பின்பக்கத் தகரத்தைக் கையால் தட்டினான். இறங்க வேண்டியவர்கள் பஸ்ஸை நிறுத்தத் தட்டுவார்களே, அப்படி. அந்தத் தட்டல் மெதுவான பிறகு வண்டியை முன்னால் எடுத்தேன். அவன் விழவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றும் சரியாக இல்லை, ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான். என்ன ஆயிற்று என்று அவனுக்கு இன்னும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன். வண்டி ஏதோ கோளாறாகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

மறுபடி ரிவர்ஸ் போட்டேன். இந்தத் தடவை அவன் தட்டவில்லை.

அம்சம் உளுந்துச் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "ரெண்டு தடவ வந்தியேடா, ரெண்டு தடவ வந்தியேடா," என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அதற்கு முன்னால் அவள் என்னை அப்படிப் பேசியதே இல்லை. நான் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

முதலில் உங்களிடம் விபத்து என்றுதான் சொன்னேன். பேஸ் மாடலில் பின்னால் பார்க்கக் கேமரா கிடையாது, ஆள் நின்றது தெரியவில்லை என்றேன். நீங்களும் முதலில் நம்பினீர்கள். அன்றைக்கு யார்டில் கேமரா வைத்த டாப் மாடல் ஒன்றும் நின்றது. அதன் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அதில் போயிருந்தால், பார்க்கவில்லை என்று நான் சொல்ல முடியாது. பின்கதவு நசுங்கினால் அதற்கு விலையும் போய்விடும். அதனால்தான் இதை எடுத்தேன். வண்டி திணறினால் அவன் வந்து நிற்பான் என்று எனக்குத் தெரியும். யார் வண்டிக்கும் நிற்பான்.

ஆகவே அம்சம் சொன்னதெல்லாம் உண்மை. கொன்றது நான்தான், திட்டம் போட்டுத்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம், சார். மேலே முன்விரோதம் காரணமாக என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். விரோதம் என்றால் இரண்டு பேரும் சமமாக இருக்க வேண்டும்.